நாலு விடை

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
ஜெஸீல் நானாவின் கொம்யூனிகேஷன்.
நாலு கம்பியூட்டர், மணித்தியாலம் நாற்பது ரூபா,
ஒரு யூபிஎஸ், அதுவும் இருமும்.
மூன்றாம் மெஷினில்
கீறல் சீடியிலிருந்து இறக்கிய ஓர் ஆட்டம்.
டீவியில் வெள்ளைக்காரர் வேர்க்க வேர்க்க இருந்து
காசு வெல்லும் அதே போட்டி,
இப்போது வேர்க்காமல் வெல்லலாம்.

டீவியில் வந்த ஆளின் முகம் இதில் இல்லை.
முகத்துக்குத் தனிக் காசு கேட்டிருப்பார் போல.
குரலை மட்டும் வாங்கிப் போட்டிருந்தார்கள்.
நீல வெளிச்சம், வெறுங்கதிரை,
ஒவ்வொரு பதிலுக்கும் அந்தக் குரல்
இங்கிலீசில் இழுத்துக் கேட்கும்:
நிச்சயந்தானா?

லுஹருக்குக் கடைகள் சாத்தும் நேரம்
முபீத் வருவான், ரீலோட் கார்ட் விற்கிறவன்.
அறுநூறு கேள்வியும் அவனுக்குப் பாடம்.
கேள்வி முடியமுன்னமே விரல் விடையில் நிற்கும்.
நாற்பத்தொரு தரம் மில்லியன் வென்றவன்,
நானாவுக்கு இரண்டு மணித்தியாலக் கடன்.

விடை தெரிந்தும்
ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருக்கா
நண்பனுக்கு போன் எடுப்பான்.
இரண்டு தரம் மணி அடிக்கும்.
ஊர் பேர் இல்லாத ஒருவர் ஹலோ என்பார்.
முப்பது செக்கன்.
"எப்ப அடிச்சாலும் எடுக்கிறான் பாருங்க டீச்சர்!"
நான் டீச்சர் இல்லை, கல்லாவில் இருக்கிறவள்.
கார்ட் பெட்டி மூடியில் பேனையால்
தோஹா நம்பர் ஒன்று, அவன் மச்சானுடையது.
இரண்டு மாதமாக அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

சனமில்லாத ஒரு நாள் ஆட்டத்தின் உள்ளைக் கிளறினேன்.
கேள்வியெல்லாம்
பூட்டில்லாத ஒரு ஃபைலில் கிடந்தன.
தமிழில் அடித்தேன், பெட்டி பெட்டியாகக் காட்டியது.
இங்கிலீசு எழுத்தில் தமிழைப் பிய்த்துப் போட்டேன்.

மட்டக்களப்புக்குக் கடைசி பஸ் எத்தனை மணி?
ஆறு பத்து. ஆறரை.
ட்ரைவர் தேத்தண்ணி குடித்த பிறகு.
அது நேற்றே போயிற்று.

பாரை மீன் கிலோ என்ன விலை?
இதன் விடையைக் காலையில் ஒருக்கா,
அசருக்குப் பிறகு ஒருக்கா திருத்த வேண்டியிருந்தது.

ஜெஸீல் நானா கடைசியாகச் சிரித்தது எப்போது?

மில்லியன்காரன் மூன்றாம் கேள்வியில் விழுந்தான்.
"அநியாயம் டீச்சர்" என்று நெற்றியைத் துடைத்தான்.
கடைசியில் இங்கேயும் ஒருவருக்கு வேர்த்தது.
குரல் மட்டும் மாறவில்லை,
பாரை மீனுக்கும் அதே இழுவை:
நிச்சயந்தானா?

பதினைந்தாம் கேள்விக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை.
விடையை வெறுமையாக விட்டேன், ஆட்டம் உறைந்தது.
ஒன்றிலிருந்து நாலுக்குள் ஓர் எண் வேண்டுமாம்,
இல்லையென்றால் அது நகராது.
அன்றுதான் பஸ் நிலையச் சுவரில்
பெயர் போடாத நோட்டீஸ், ஹர்த்தால் என்று மட்டும்.
எழுதினேன்:

நாளைக்குக் கடை திறக்குமா?
திறக்கும். திறக்காது. தெரியாது. நானாவைக் கேள்.

முபீத் எப்படியோ பதினைந்துக்கு வந்துவிட்டான்.
பாதியை அழி என்றான்:
திறக்காதும் தெரியாதும் மிஞ்சின.
சபையைக் கேட்டான்:
ஆளில்லாத அந்தச் சபை சரிபாதியாய்ப் பிரிந்தது.
போன் எடுத்தான்.
கல்முனை எந்தப் பக்கம் என்றே அறியாத குரல்
கொஞ்சம் யோசித்துச் சொன்னது:
மூன்றாவது. எண்பது வீதம் நிச்சயம்.

எண்பது வீதம் நிச்சயமாகத் தெரியாது.
சிரிக்கத் தொடங்கினோம்,
பிறகு நிறுத்தினோம்.
அவன் அழுத்தவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு
மழைக்கு முன்னம் கிறுகிப் போனான்.
இந்த ஆட்டத்துக்கு மணிக்கூடு இல்லை.
நான் கணக்கு எழுதி முடிக்கும்வரை அந்தக் குரல்
வெறுங்கதிரையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் பாண்டிருப்பிலிருந்து நடந்து வந்தேன்.
நானா ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு
உள்ளே, லைட் போடாமல் இருந்தார்.
நாலு விடையிலும் அது இல்லை.
கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு செருப்புத் தெரிந்தது.
முதலில் கார்ட் பெட்டி உள்ளே வந்தது,
பிறகு முபீத்.
"ஒரு கோல் எடுக்கட்டா?" என்றான்.
மூன்றாம் மெஷினைப் போட்டேன்.